முக்கு மனை

மஹ்ஜூபாவின் அடுப்புக்கும் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் நடுவில் அளவைக்காரர்கள் இரும்பு முளையை அடித்தபோது அவள் மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். கோதுமை மாவில் உப்புத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டில் தேய்த்துத் தேய்த்துக் கடுகளவு குருணையாக்கும் வேலை. நடுவில் கையை எடுத்தால் மாவு கட்டிதட்டிவிடும். அதனால் சம்மட்டிச் சத்தம் கேட்டும் அவள் நிமிரவில்லை. கயிறு வந்து முழங்காலில் உரசிய பிறகுதான் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. கயிறு இழுக்கணும்."

"எதுக்கு?"

"ரோட்டுக்கு."

"ரோடு அந்தப் பக்கமால்ல கெடக்கு?"

"அது இருக்கற ரோடு. இது வரப்போற ரோடு. இருபது மீட்டர் அகலம். உங்க அடுப்பு நட்டநடு ரோட்டுல வருது."

கிழக்கே இருந்து மணல் காற்று வீசிக்கொண்டிருந்த நாள் அது. அளவைக்காரர்கள் மூக்கையும் வாயையும் தலைப்பாகைத் துணியால் சுற்றியிருந்தார்கள். எவன் பேசினான் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவர்களில் ஒருவன் சிவப்புச் சாய டப்பாவோடு வந்து அவள் குடிசைத் தகரத்தில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டான். பிறகு சந்தின் குறுக்கே எதிர்க் குடிசைக்குப் போனான். அது சல்காவுடையது. அங்கே டப்பாவை மாற்றினான். நீலச் சாயத்தில் 214 என்று எழுதினான்.

கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் கூட்டத்துக்கு விளக்கினார். சிவப்புக் குறி விழுந்த வீடெல்லாம் தர்ஹீலுக்குப் போக வேண்டும். நீல நம்பர் விழுந்த வீடு இங்கேயே இருக்கலாம். நம்பருக்குப் பட்டா வரும். தர்ஹீல் என்றால் குடிபெயர்த்தல். நுவாக்சோட் நகரத்துக்கு வெளியே, மணற்குன்றுகளுக்கு நடுவில் கோடு கிழித்து வைத்திருந்த புதுக் குடியிருப்புக்கு யாரும் வேறு பெயர் தேடவில்லை. அதையே பெயராக்கிவிட்டார்கள்.

"அப்ப சல்கா வீடு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுவா? இந்தப் பக்கம் சந்து, அந்தப் பக்கம் புது ரோடு. முக்கு மனை. அதிர்ஷ்டக்காரங்க," என்றார் அதிகாரி.

கழுதை வண்டியில் தண்ணீர் விற்கும் ஜித்து அங்கே நின்றிருந்தான். அவனால் சும்மா இருக்க முடியாது. "மஹ்ஜூபா அடுப்பு மேல போற லாரிய பாத்துப் போகச் சொல்லுங்கப்பா. டயரு சுட்டுரும்," என்றான். நாலு பேர் சிரித்தார்கள். மஹ்ஜூபாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் வயிறு எரிகிறது என்று தெரிந்துபோகுமே.

சல்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மையான அழுகைதான். மூக்குச்சளி மஹ்ஜூபாவின் தோளில் ஒட்டியது.

"நீ எங்கயும் போக வேணாம்டி. என் மனையில ஒரு ஓரத்துல இருந்துக்கோ. உனக்கு நான் எடம் தரமாட்டேனா?"

ஒரு ஓரத்துல. மஹ்ஜூபா அந்த வார்த்தையை அன்று முழுவதும் மாவோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் உம்மு ஷஜராக் குடியிருப்பில் முதல் குடிசை அவளுடையது. உம்மு ஷஜரா என்றால் மரத்தின் தாய். மரம் ஒன்று நின்றதை யாரும் பார்த்ததில்லை. பெரும்பஞ்சத்தில் மாடுகள் படுத்த இடத்திலேயே செத்தபோது, உள்நாட்டிலிருந்து ஒரே லாரியில் வந்த இரண்டு இளம்பெண்கள் மஹ்ஜூபாவும் சல்காவும். அதுவரை அவர்கள் உட்கார்ந்த மண் அடுத்தவர் மண். மேய்த்த ஆடு அடுத்தவர் ஆடு. இடித்த உலக்கைகூட அடுத்தவருடையது. நகரத்து எல்லையில் லாரிக்காரன் இறக்கிவிட்ட இடத்தில், இது யாருடையது என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லாத மண்ணை அவர்கள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

மஹ்ஜூபா கெட்டிக்காரி. மேடான இடத்தைத் தான் எடுத்துக்கொண்டாள். "நீ எதுத்தாப்புல போட்டுக்கோ," என்று சல்காவுக்குப் பள்ளத்தைக் காட்டினாள். காற்று கொண்டுவரும் மணல் முழுவதும் அந்தப் பள்ளத்தில்தான் வந்து குவியும். அது மஹ்ஜூபாவுக்குத் தெரியும். சல்காவுக்கும் தெரிந்திருக்கும், சொன்னதில்லை. கல்யாணம், பிள்ளைப்பேறு, மவுத்து எல்லாம் அந்தச் சந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தன. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சல்காவின் புருஷன் ஒரு மதியம் மூட்டையோடு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. விதவை வீட்டைவிட்டு வெளியே வராத இத்தா முடியும்வரை நாலு மாதமும் பத்து நாளும் மஹ்ஜூபாதான் அவளுக்குச் சோறு கொண்டுபோனாள்.

பிறகு சல்காவின் தம்பி மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். சல்கா உள்நாட்டுக்குப் போனவள் இரண்டு வருடம் வரவில்லை. அந்த இரண்டு வருடமும் அவள் குடிசை வாசலில் குவிந்த மணலைத் தினமும் காலையில் மஹ்ஜூபா வாரிக் கொட்டினாள். ஒரு வாரம் விட்டால் தகரம் பாதி புதைந்துவிடும். வாரியதோடு நிற்கவில்லை. போன வருடம் குடியிருப்போரைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தபோது, தன்னுடைய மெல்ஃபாச் சேலைகள் இரண்டை எடுத்துப்போய் சல்காவின் கொடியில் தொங்கவிட்டாள். அவள் அடுப்பில் கரி போட்டுப் பற்றவைத்தாள்.

"இந்த வீட்டுக்காரி எங்க?" என்று கேட்டார்கள்.

"சந்தைக்குப் போயிருக்கா. இப்ப வந்துருவா," என்றாள் மஹ்ஜூபா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அப்படித்தான் சல்காவின் பெயர் பட்டியலில் ஏறியது. அந்தப் பெயருக்குத்தான் இப்போது முக்கு மனை.

சல்கா திரும்பி வந்து மூன்று மாதந்தான் ஆகிறது. வந்த மறுநாளே உருட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நாற்சந்திக்கு வந்துவிட்டாள். பொழுது சாயும்போது வேலைவிட்டுப் போகிறவர்கள் ராச்சாப்பாட்டுக்கு அந்த மாவுக் குருணையை ஆவியில் வேகவைத்த கூஸ்கூஸ் வாங்குகிற இடம் அது. இரண்டு வருடமாக அங்கே மஹ்ஜூபா ஒருத்திதான். இப்போது பக்கத்தில் சல்கா. சல்காவின் கை வேறு. அவள் உருட்டினால் மணி மணியாக இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. வாயும் வேறு. கேலி பேசிக்கொண்டே அள்ளிப் போடுவாள். வாங்குகிறவனுக்குப் பசியாறுவதோடு சிரிப்பும் கிடைக்கும்.

முளை அடித்த மூன்றாம் நாள் சாயங்காலம். கடல்காற்று இறங்கியிருந்தது. சல்காவின் சட்டி காலியாகும் நிலை. மஹ்ஜூபாவின் சட்டியில் பாதிக்கு மேல் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன சல்காம்மா, முக்கு மனைக்காரியாயிட்டே. இனி தரையில உக்காந்து விப்பியா?" என்றான் ஜித்து.

"ஏன் விக்க மாட்டேன்? உன் கழுதைக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிருக்கேன், அதுக்குக் குடு. உன்னவிட அதுதான் ஒழைக்குது."

"ஜவுளிக்காரரு உன் வீட்டு முன்பக்கத்தக் கடைக்குக் கேட்டாராமே?"

"கேட்டாரு, கேட்டாரு. கடைசில என்னையும் சேத்துக் கேப்பாரோன்னு பயமா இருக்கு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சல்கா மஹ்ஜூபாவின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நீ சொல்லு. முன்னாடி கடையா விட்டுட்டுப் பின்னாடி நாம ரெண்டு பேரும் இருந்துக்கலாம்ல?"

"உன் மனை. உன் இஷ்டம்."

"என் மனை என்னடி என் மனை. நீ வாரிப்போட்ட மணலுல்ல அது."

எல்லோரும் கேட்க அவள் அதைச் சொன்னது நன்றியோடுதான். மஹ்ஜூபாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஆமாம், நான் வாரிப்போட்ட மணல்தான். நான் சொன்ன பொய்தான். நான் பற்றவைத்த அடுப்புதான். இதில் உன்னுடையது என்று என்ன இருக்கிறது?

"அக்கா, உங்ககிட்ட மிச்சம் இருக்கா?" சல்காவின் சட்டி தீர்ந்த பிறகு வந்தவன் ஒருவன் மஹ்ஜூபாவிடம் கேட்டான். அவள் சட்டியை மூடிக்கொண்டாள். "இல்ல. தீந்துபோச்சு."

மறுநாள் மதியம் புருஷன் ஸ்வேலிம் சாப்பிட வந்தான். சிமெண்டும் கிளிஞ்சல் மணலும் குழைத்து அச்சில் அடித்து வீட்டுக்கல் அறுப்பது அவன் தொழில். நகரம் வளர வளர அவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. மேற்கே தூதரகக்காரர்கள் தெரு, வடக்கே வியாபாரிகள் தெரு, விமான நிலையம் போகிற வழியில் எழுந்த மாடிகள், எல்லாவற்றிலும் அவன் அறுத்த கல் இருந்தது. அவன் வீடு மட்டும் தகரமும் பலகையும்.

மகள் தெஸ்லெம் மீன் சோற்றுத் தாம்பாளத்தை நடுவில் வைத்தாள். மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஸ்வேலிம் மீனின் கன்னச்சதையை எடுத்து வழக்கம்போல் மஹ்ஜூபாவின் பக்கம் தள்ளினான்.

"நாளைலேருந்து சாயங்காலம் நான் வர நேரமாகும்," என்றான்.

"ஏன்?"

"ஐந்நூறு கல்லு கேட்டிருக்காங்க. பட்டா வர்றதுக்குள்ள சுவர் எழுப்பிட்டா நல்லதாம்."

"யாரு?"

அவன் சோற்றை உருட்டிக்கொண்டே சொன்னான். "சல்கா."

மஹ்ஜூபா தாம்பாளத்திலிருந்து கையை எடுத்தாள். "யாருக்கு?"

"அதான் சொன்னேனே. பொம்பள தனியா கெடக்கா. கூலிய மெதுவா குடுன்னு சொல்லிட்டேன்."

"இருபத்தஞ்சு வருஷம். இருபத்தஞ்சு வருஷமா என்னைத் தகரத்துக்குள்ள வெச்சு வேக வெச்சே. ஒரு கல்லு எனக்குன்னு அறுத்தியா?"

"பட்டா இல்லாத மண்ணுல கல்லு வெச்சா இடிச்சிருவான்னு நீதானே சொன்னே?"

"நான் சொன்னதெல்லாம் கேப்பியாக்கும். அவ கேட்டா மட்டும் ஒடனே குனிஞ்சிருவே."

"உம்மா," என்றாள் தெஸ்லெம், மெதுவாக.

"நீ சும்மா இருடி. உன் வாப்பா ஊரானுக்குக் கட்டினாரு, வெள்ளைக்காரனுக்குக் கட்டினாரு, பொறுத்துக்கிட்டேன். இப்ப என் வீட்ட ரோட்டுக்குக் குடுத்துட்டு எதுத்த வீட்டுக்காரிக்குச் சுவர் எழுப்பப் போறாரு. அவ சுவத்துல சாஞ்சுக்கிட்டு நான் போற லாரியப் பாப்பா."

ஸ்வேலிம் கையைக் கழுவினான். அவன் சண்டை போடத் தெரியாதவன். "தர்ஹீல்ல மனை பெருசா தர்றாங்களாம், மஹ்ஜூபா. அங்க நமக்குக் கட்டுவேன். மொதக் கல்லு உன் அடுப்புக்குத்தான்."

"அங்க யாரு இருக்கா? ஓநாயா வந்து கூஸ்கூஸ் வாங்கும்?"

அவன் எழுந்து போனான். தெஸ்லெம் டீக்குத் தண்ணீர் வைத்தாள். வழக்கமான மூன்று சுற்று டீயில் இரண்டாவது சுற்றைக்கூட மஹ்ஜூபா தொடவில்லை. மெல்ஃபாவின் முந்தியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போறே உம்மா, இந்த வெயில்ல?"

"உப்பு வாங்க," என்றாள். பானையில் உப்பு நிறைய இருந்தது.

அளவை ஆபீஸ் என்பது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இறக்கி வைத்திருந்த ஓர் இரும்புக் கொள்கலம். உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு குமாஸ்தா. மதியத்தில் வரிசை இல்லை. குமாஸ்தா காகிதங்கள் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் கடற்சிப்பி வைத்திருந்தான். சின்ன வயது. மரியாதையாகவே பேசினான்.

"சொல்லுங்கம்மா. எந்த வீடு?"

"எந்த வீடும் இல்ல. ஒண்ணு கேக்கணும். ஆளில்லாத வீட்டுக்கு நம்பர் குடுப்பீங்களா?"

"குடுக்க மாட்டோம். கணக்கெடுத்தப்ப குடியிருந்திருக்கணும்."

"எரநூத்திப் பதினாலுல கணக்கெடுத்தப்ப ஆளில்ல."

குமாஸ்தா பெரிய நோட்டைப் புரட்டினான். "சந்தைக்குப் போயிருந்ததா எழுதியிருக்கே."

"சந்தைக்கு இல்ல. உள்நாட்டுல இருந்தா. ரெண்டு வருஷம். மூணு மாசத்துக்கு முந்திதான் வந்தா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எதுத்த வீடு. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

அவன் எழுதினான். எழுதியதைப் படித்துக் காட்டினான். மை அட்டையைத் திறந்து நீட்டினான். அவள் கட்டைவிரலை அழுத்தினாள். விரல் ரேகைக்குள் காலையில் உருட்டிய மாவு இன்னும் வெள்ளையாக இருந்தது. கைநாட்டு சரியாக விழவில்லை. இன்னொரு தடவை வைக்கச் சொன்னான். வைத்தாள்.

"அப்ப அந்த மனை?" என்றாள். "நான்தான் அதக் கூட்டிப் பெருக்கிக் காப்பாத்தினேன். மொதல்ல வந்தவ நான். என் வீடு ரோட்டுல போகுது. அத எனக்கு மாத்தி எழுதிருவீங்கல்ல?"

குமாஸ்தா அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். "உங்களுக்குத் தர்ஹீல்ல ஒதுக்கியாச்சும்மா. ஒருத்தருக்கு ஒண்ணுதான். காலி மனை மேலிடத்துக்குப் போயிரும். அவங்க யாருக்குக் குடுப்பாங்களோ, எங்களுக்குத் தெரியாது."

"அப்ப எழுதினத அடிச்சிருங்க."

"கைநாட்டு வெச்சாச்சேம்மா."

"எனக்கு இல்லைன்னா அவகிட்டயே இருக்கட்டும். அடிச்சிருங்க தம்பி."

அவன் ஒரு சிப்பியை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் வைத்தான்.

ஐந்தாம் நாள் சாயக்காரன் வந்து 214-ன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தான். சல்கா முதலில் சிரித்தாள், வீடு மாறிப் போட்டுவிட்டான் என்று. "ஏம்ப்பா, கண்ணுல மணல் விழுந்துருச்சா?" என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் தாளைக் காட்டினான். சல்காவுக்குப் படிக்கத் தெரியாது. தெஸ்லெம் படித்துச் சொன்னாள். கணக்கெடுத்த நாளில் குடியிருப்பு இல்லை என்று சாட்சி மூலம் தெரியவந்ததால் ரத்து. சாட்சியின் பெயர் தாளில் இல்லை.

சல்கா சந்தின் குறுக்கே நேராக மஹ்ஜூபாவிடம் வந்தாள். வெறுங்கால்.

"எவனோ பொறாமைக்காரன் போய்ச் சொல்லிருக்காண்டி. அந்த ஜவுளிக்காரனா இருக்கும். மனையச் சும்மா அமுக்கலாம்னு பாக்கறான். நீ வா. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். அன்னைக்கி நீதானே பதில் சொன்னே."

மஹ்ஜூபா மாவுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அடுப்புல வேல இருக்கு."

"அடுப்பு கெடக்கட்டும். என் மனையே போகுது, அடுப்பாம்! உன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் எதிர்ப்பட்டவர்களிடம் சொல்லிக்கொண்டே போனாள்: "மஹ்ஜூபா வரா. என் சாட்சி வரா." ஜித்து வண்டியை நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டான். பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கக் கழுதையோடு பின்னாலேயே வந்தான்.

அன்று ஆபீஸில் கூட்டம். முப்பது பேராவது வரிசையில் நின்றார்கள். வெயிலில் இரும்புக் கொள்கலம் கொதித்தது. இருவரும் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். சல்கா தன் மெல்ஃபாவின் பாதியை மஹ்ஜூபாவின் தலைமேலும் போட்டு நிழல் கொடுத்தாள். அந்த நிழலுக்குள் நின்றபடி மஹ்ஜூபா ஒரு முடிவுக்கு வந்தாள். சத்தியம் பண்ணிவிடலாம். போன தடவை பொய் சொன்னேன், இவள் இங்கேதான் இருந்தாள் என்று குர்ஆன்மேல் கைவைத்துச் சொல்லிவிடலாம். பாவம் தனக்கு, மனை அவளுக்கு. குமாஸ்தா மட்டும் தன் முகத்தை மறந்திருக்க வேண்டும்.

அவன் மறக்கவில்லை.

"எரநூத்திப் பதினாலு. இந்தா, சாட்சி கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றாள் சல்கா.

குமாஸ்தா நிமிர்ந்தான். மஹ்ஜூபாவைப் பார்த்தான், பிறகு சல்காவை. "என்னம்மா, வெளையாடறீங்களா? நீங்க இல்லைன்னு கைநாட்டு வெச்சுட்டுப் போனதே இவங்கதானே?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சல்கா சட்டென்று கையை எடுக்கவில்லை. மஹ்ஜூபாவின் தலைமேல் போட்டிருந்த துணி கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது.

"பொய்," என்றாள் மஹ்ஜூபா. "அன்னைக்கி நான் சொன்னது பொய். பொறாமையில சொன்னேன். என் வீடு போகுது, அவ வீடு நிக்குது, அந்த எரிச்சல்ல சொன்னேன். இவ எங்கயும் போகல. இங்கதான் இருந்தா. அல்லாஹ் மேல ஆணையா..."

"நிறுத்து," என்றாள் சல்கா.

"எழுதிக்கோங்க தம்பி, நான் பொய் சொன்னேன்னு. எனக்கு என்ன தண்டன குடுத்தாலும்..."

"நிறுத்துன்னு சொல்றேன்ல." சல்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குமாஸ்தாவிடம் சொன்னாள்: "இவ உண்மையத்தான் சொல்லிருக்கா. நான் ரெண்டு வருஷம் இங்க இல்ல. எந்தம்பி புள்ளைங்களப் பாத்துக்கப் போயிருந்தேன். கணக்கெடுத்தன்னைக்கி நான் சந்தைக்குப் போகல."

"அப்படின்னா ரத்துதாம்மா," என்றான் குமாஸ்தா. அவனுக்கே சங்கடமாக இருந்தது.

"தெரியுது. எனக்காக இவ மறுபடி ஒரு பொய்ச் சத்தியம் பண்ண வேணாம். அதுல வர்ற வீட்டுல என்னால படுக்க முடியாது."

துணியை மெதுவாகத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு வெளியே போனாள். வரிசையில் நின்றவர்கள் அவளுக்கு விலகி வழிவிட்டார்கள். மஹ்ஜூபா போனபோதும் விலகினார்கள். அது வேறு விலகல். வாசலில் கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜித்து எதுவும் பேசவில்லை. அவன் வாய் திறக்காத ஒரே நாள் அதுதான்.

வீட்டுக்கு நடக்கும்போது மஹ்ஜூபாவுக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறொன்று. சபையில், முப்பது பேருக்கு முன்னால், மனையையே விட்டெறிந்துவிட்டு நிமிர்ந்து போனாளே, அந்த நடை. அதைக்கூட இவளுக்குத்தான் கொடுத்தானா இறைவன்? எனக்கு அப்படி ஒரு நாள் வாய்க்காதா? இப்படி நினைத்ததும் அவளுக்குத் தன்னையே பிடிக்காமல் போயிற்று. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

ஸ்வேலிமுக்குத் தெஸ்லெம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் கையில் ஒட்டிய சிமெண்டை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீ என்னைத் திட்டிருக்கலாம்," என்றான் கடைசியில். "எத்தன வேணும்னாலும் திட்டிருக்கலாம். நான் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேனே."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

லாரிகள் வந்தன. சிவப்புக் குறிக்காரர்களும் ரத்தானவர்களும் ஒரே லாரிகளில்தான் போனார்கள். தகரத்தையும் பலகையையும் பிரித்து ஏற்றி, மேலே பாய்களையும் சட்டிகளையும் கட்டி, அதற்கும் மேலே ஆடுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சல்கா மூன்றாவது லாரியில் ஏறினாள். மஹ்ஜூபா ஐந்தாவதில். தர்ஹீலில் சீட்டுப் போட்டு மனை கொடுத்தார்கள். சல்காவுக்குக் கிழக்கே ஒன்பதாவது வரிசை. மஹ்ஜூபாவுக்கு மேற்கே இரண்டாவது. நடுவில் ஒரு மணற்குன்று. நினைத்தால் பார்க்கலாம், நினைக்காவிட்டால் பார்க்கவே வேண்டாம், அந்த அளவு தூரம்.

உம்மு ஷஜராவில் தார் போட்டுவிட்டார்கள். முக்கில் மூன்று மாடி எழும்பியது. கீழே கைபேசிக் கடை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. வாடகை வண்டியில் நகரத்துக்குப் போகும்போது மஹ்ஜூபா அந்த இடத்தில் தலையைத் திருப்பிக்கொள்வாள் என்று தெஸ்லெம் சொல்லியிருக்கிறாள்.

தர்ஹீலும் அப்படியே இருந்துவிடவில்லை. முதல் வருடம் தண்ணீர் லாரி வாரத்துக்கு இருமுறை. இரண்டாம் வருடம் பள்ளிவாசல், அதன் எதிரே ரொட்டிக்கடை, பழுது பார்க்கும் பட்டறை. மூன்றாம் வருடம் மின்கம்பம். வண்டிகள் நின்று திரும்புகிற இடம் தானாகவே ஒரு நாற்சந்தியாகிவிட்டது. ஸ்வேலிம் சொன்னபடி கல்வீடு கட்டினான். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. கல்வீட்டுக்குள் வெயில் குறைவாகத்தான் இருந்தது. மஹ்ஜூபாவுக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவள் மாவு உருட்டுவதை விட்டுவிட்டாள். தோள்பட்டை வலி என்று சொன்னாள்.

தெஸ்லெமுக்குக் கல்யாணமாகி, தலைப்பிள்ளைக்குப் பெயர் வைத்த வாரம் அது. வீட்டில் ஒருவருக்கும் சமைக்கத் தெம்பில்லை.

"நாற்சந்தியில கூஸ்கூஸ் நல்லா இருக்காம்," என்றாள் தெஸ்லெம், குழந்தையைப் பார்த்துக்கொண்டே. யார் விற்கிறார்கள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மஹ்ஜூபா பெரிய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அஸர் தொழுது முடித்தவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சல்காவைச் சுற்றி ஏழெட்டுப் பேர். கொஞ்சம் இளைத்திருந்தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள் அவளுக்காக உருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரையோ கேலி செய்தாள், எல்லோரும் சிரித்தார்கள். மஹ்ஜூபா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். நடுவில் ஒருமுறை திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

முறை வந்தது. கிண்ணத்தை நீட்டினாள். சல்கா கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடமாக வாடி, போடி என்றே பேசிய வாய். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மஹ்ஜூபா காத்திருந்தாள். நடுச்சந்தியில் வைத்துக் கிழித்தாலும் சரி, சாபம் விட்டாலும் சரி. சொல்லப்போனால் அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

சல்கா கிண்ணத்தை வாங்கினாள். மேடு கட்டி நிறைத்தாள். எல்லோருக்கும் போடுகிற அதே அளவு. ஒரு மணி கூடவுமில்லை, குறையவுமில்லை. நடுவில் குழி செய்தாள்.

"பால் ஊத்தவா," என்று கேட்டாள், "இல்ல, உங்களுக்குக் கறிச்சாறு போதுமா?"